என் முகம் வராத வீடியோக்கள்

டெய்ஸம்மா சிஸ்டர் போட்ட வீடியோ ஒன்றில்கூட என் முகம் கிடையாது. அந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. எங்கள் கேரளத்து ஊரில் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீடுகளுக்கு மலையேற்றி அவரைக் கொண்டு சேர்த்த பஞ்சாயத்து வேனை ஓட்டியவன் நான். ஊர் கொண்டாடியது அவரை. கப்பக்கிழங்கும் மீனும் தின்னப் போனால் கடைக்கார பேபி குத்திக் காட்டுவான்: "என்ன பவுலோஸே, சிஸ்டர் துபாய் வரைக்கும் தெரியுறாங்க. உன் கையாவது தெரியுதா?"

சவூதியில் நர்ஸாக இருந்தவர், அம்மா படுத்த படுக்கையானதும் ஊர் திரும்பி எங்கள் வேனில் நர்ஸாகச் சேர்ந்தார். படுக்கைப்புண்ணில் கண்டதையும் குழைத்துப் பூசும் வீடுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் பேஸ்புக்கில் பாடம் சொல்ல ஆரம்பித்தார். வீட்டுக்காரர் சம்மதித்தால்தான் எடுப்பார்; டாக்டர் பார்த்த பிறகுதான் போடுவார். நோயாளியின் கையோ காலோ மட்டும் வரும். முகம், பெயர், வீடு எதுவும் வராது.

"நான் நோயாளி இல்லியே, என்னைக் காட்டுனா என்ன?" என்று கேட்டேன்.

"நீங்க நிக்கிறது வீட்டு முற்றத்துல, சேட்டா. உங்களைக் காட்டுனா பின்னாடி வீடும் தெரியும்."

"அப்ப வேனுக்குள்ள வெச்சு எடுங்க."

"வேனுக்கு என்ன புண்ணா வந்திருக்கு?"

சாக்கு என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஒவ்வொரு வீடியோவையும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். ஓரத்தில் என் தோளோ, கண்ணாடியில் என் நிழலோ அகப்படாதா என்று.

அப்படித் தேடும்போதுதான் அது கண்ணில் பட்டது. குஷ்டம் குணமாகியும் பாதம் மரத்துப்போன ஒருவர். காலைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவும் பாடம். எவர்சில்வர் சருவச்சட்டி பளபளத்தது. அதில் நான் தெரிகிறேனா என்று பெரிதாக்கினேன். விளிம்பில் வீட்டுப்பெயர் வெட்டியிருந்தது: புளிமூட்டில். (இங்கே பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.) கல்யாணத்துக்கும் சாவுக்கும் எங்கள் பாத்திரங்கள் இரவல் போகும். மாறிவிடக்கூடாது என்று எல்லா வீட்டிலும் பெயர் வெட்டி வைப்போம். பழகிய கண்ணுக்கு அது எழுத்தாகவே படாது.

அந்த வீட்டுத் தேவஸ்ஸியின் மகளுக்கு வருகிற ஞாயிறு நிச்சயம். அவருக்கு வந்து போன நோய் வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சம்பந்தம் நிற்காது.

போன் போட்டேன். "சிஸ்டரே, என் மூஞ்சியை மறைச்சீங்க, சரி. புளிமூட்டில்காரர் பேரைச் சட்டியோட காட்டிட்டீங்களே!"

"என் கர்த்தாவே" என்றார். வீடியோ உடனே மறைந்தது. என்னை வேன் எடுக்கச் சொல்லி நேரே தேவஸ்ஸியிடம் போய் மன்னிப்புக் கேட்டார்.

"முதல்ல பொண்ணு நிச்சயம் முடியட்டும் சிஸ்டர், அப்புறம் திட்டுறேன்" என்றார் தேவஸ்ஸி.

நிச்சயம் நல்லபடியாக நடந்தது. வேறு யாரும் கவனித்திருக்கவில்லை. நான்தான் கண்டுபிடித்தேன் என்று பேபியிடம்கூடச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

போன மாதம் சிஸ்டர் அயர்லாந்துக்குக் கிளம்பினார். வழியனுப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடை, எனக்கு ஒரு பப்ஸும் டீயும். கடைசியாக வேனில் ஏறுமுன், புதிதாக வந்த சிஸ்டரை என் முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"இவ எடுக்கிறதை எல்லாம் போடறதுக்கு முன்னாடி நீங்க பாருங்க, சேட்டா. உங்க மூஞ்சி எங்கயாவது தெரியுதான்னு தேடுவீங்கல்ல, அதே கண்ணோட பாருங்க."