ஏழாம் வீட்டில் குடிமாற்றம்

எங்கள் ஆய்வகத்தின் எலிக்கூடத்தைக் கவனித்துக்கொள்பவருக்குத் தரகர் என்று பெயர். இருபது வருடம் கல்யாணத் தரகு பார்த்தவர். ஜனங்கள் செல்போனிலேயே வரன் தேட ஆரம்பித்த பிறகு இங்கே வந்து சேர்ந்தார். கூண்டு கழுவுவார், தீனி வைப்பார், மரத்தூள் மாற்றுவார். ஒவ்வொரு எலியின் குணமும் அத்துப்படி. "நாலாம் நம்பர் கொஞ்சம் வாய்த்துடுக்கு. ஆனா நல்ல குடும்பம்" என்பார்.

ஆராய்ச்சி மாணவி ஒருத்திக்கு அங்கே இரண்டு அடுக்குக் கூண்டுகள். மேலே புற்றுக்கட்டி வைக்கப்பட்ட எலிகள், தனித்தனியாக. கீழே நோயில்லாதவை, இரண்டிரண்டாக. ஒருநாள் தரகருக்கு அவள் விளக்கினாள்.

"எலும்பு மஜ்ஜையிலதான் அண்ணே நோயை எதிர்க்கிற செல்லெல்லாம் வளருது. கட்டி அங்க சேதி அனுப்பி, முழுசா வளர விடாம அதுகள வெளிய இழுத்துடும். அரைகுறையா வர்றது தானும் சண்டை போடாது, போடுறதையும் தடுக்கும்."

"படிப்ப முடிக்காம மாப்பிள்ளை ஆனவன் மாதிரி" என்றார் தரகர். "தானும் வேலைக்குப் போக மாட்டான், போற மச்சானையும் சீட்டாடக் கூப்பிடுவான். நானே அப்படி நாலு பேருக்கு முடிச்சு வச்சிருக்கேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை, கீழடுக்கு ஏழாம் கூண்டு எலி ஒன்றின் ரத்தத்தில் அந்த அரைகுறைச் செல்கள் மொய்த்தன. கட்டியே இல்லாத எலிக்கு எப்படி வரும்? வந்தால், எல்லாம் கட்டியின் வேலை என்ற அவளுடைய மூன்று வருட வாதம் கவிழ்ந்தது. மறுநாள் பேராசிரியரிடம் முடிவைக் காட்டியாக வேண்டும். மாணவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேசையில் தலை சாய்த்தாள்.

துடைப்பத்தோடு வாசலில் நின்ற தரகர் தொண்டையைச் செருமினார்.

"அம்மாடி, ஏழுல இருந்த சண்டைக்காரிய நான் மேல மாத்திட்டேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"கூட இருந்தத ஓயாம கடிச்சுது. மேல பன்னெண்டுல ஒண்ணு, தீனி தண்ணி தொடாம மூலையில கெடந்துச்சு. மனசு கேக்கல. அதக் கொண்டாந்து ஏழுல சேத்தேன். ரெண்டும் இப்போ உயிர்த்தோழிங்க. பொருத்தம்னா அப்படி ஒரு பொருத்தம்!"

"நம்பர மாத்தலியா அண்ணே?"

"நம்பரு வீட்டுக்குத்தானேம்மா? குடி மாறுனா கதவு நம்பரையா பேத்துக்கிட்டுப் போவாங்க?"

ஸ்கேனில் வைத்துப் பார்த்தோம். ஏழில் குடியேறிய எலிக்குள், விரலுக்குத் தட்டுப்படாத கடுகளவு கட்டி. மேலே போன சண்டைக்காரியின் ரத்தம் சுத்தம். மாணவி சிரித்தாள், திட்டினாள், மறுபடி சிரித்தாள்.

"இத்தினியூண்டு இருக்கும்போதே மஜ்ஜை வரைக்கும் சேதி போயிருக்கு!"

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதும்மா" என்றார் தரகர், தான்தான் கண்டுபிடித்தவர் போல.

அந்த இரண்டு கூண்டுகளையும் கணக்கிலிருந்து நீக்கினார்கள். வாதம் பிழைத்தது. தரகரின் வேலையும் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு பிழைத்தது. இனி அடையாளம் கூண்டில் மட்டும் போதாது, எலியின் காதிலும் மைப்புள்ளி வைக்க வேண்டும்.

"இதுங்க ரெண்டையும் பிரிக்கணுமாம்மா?"

மாணவி கொஞ்சம் யோசித்தாள். "இருக்கட்டும் அண்ணே. கணக்குல இல்லாததுங்கதானே."

தரகர் ஏழில் குடியேறியதைப் பதமாகப் பிடித்துப் புள்ளி வைத்தார். எலி திமிறாமல் தலையைச் சாய்த்துக் காட்டியது.

"பாருங்கம்மா, மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டோ எடுக்கறோம்னு நெனச்சுக்கிச்சு."