ஆறு வெள்ளி மீ போக்கும் பச்சைக் கிளிப்பும்

சியூ ஹூன் அக்காவுக்கு உட்காரத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டே பார்க்கிறேன். ஆள் வராத மத்தியானத்தில்கூட அடுப்பைத் துடைப்பார், துடைத்ததையே மறுபடி துடைப்பார். பார்க்கிற எனக்குத்தான் கால் வலிக்கும்.

அதற்கு முன்னால் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தவர். முப்பத்தாறு வயதில் வேலை போனது. கையிலிருந்ததைப் போட்டு இந்த உணவங்காடியில் கடை எடுத்தார். பன்றிக் கொத்துக்கறி போட்ட மீ போக் என்ற தட்டை நூடுல்ஸ், வேறு எதுவும் கிடையாது. முதல் நாள் முதல் கிண்ணத்தைத் தின்றவர் டாக்சி ஓட்டும் கிம் தெக் அங்கிள். தின்றுவிட்டு நேராக வந்து, "வினிகர் எங்கேம்மா? மருந்துக்குக்கூட இல்லையே!" என்றார். அன்றிலிருந்து தினமும் காலை ஏழரைக்கு வந்து தின்பார், தினமும் ஒரு குறை சொல்வார். மிளகாய் கரிந்துவிட்டது, நூடுல்ஸ் அரை நிமிடம் அதிகம் வெந்துவிட்டது என்று ஏதாவது. அக்கா முறைப்பார், மறுநாள் சரிசெய்வார். ஆவியில் நின்று நின்று செத்துப்போன தன் நாக்கை அவர் நம்புவதில்லை.

இந்த வருடம் ஏதோ வெளிநாட்டு உணவுக் குழு விருது கொடுத்தது. விருதுப் பலகையை மாட்டிய மூன்றாம் நாள் வரிசை என் கடையைத் தாண்டி கழிவறை வரை போனது. அக்கா ஒரு நேரத்தில் ஒரு கிண்ணம்தான் வேகவைப்பார். இரண்டாகப் போட்டால் கெட்டுவிடுமாம். வலது மணிக்கட்டில் கட்டு ஏறியது. கறி விலை, எரிவாயு விலை, வாடகை எல்லாம் ஏறியிருந்தது. கிண்ணத்தின் விலை மட்டும் நாலு வெள்ளியிலேயே நின்றது.

விலைப்பலகையில் ஆறு என்று காகிதம் ஒட்டினார். பத்தே நிமிடத்தில் கிழித்தார். மறுநாளும் அதே கூத்து.

"என்னக்கா, குழந்தை விளையாட்டா?" என்றேன்.

"புதுசா வர்றவன் கொடுப்பான் வடிவு. பழைய ஆளுங்க? கிம் தெக் வரலைன்னா?"

பக்கத்து மீன் உருண்டைக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "ஆறு வெள்ளியா? கிண்ணத்தையும் வீட்டுக்குக் குடுத்தனுப்புவீங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே கூட்டம் குளிரூட்டிய கடையில் இரண்டு இறாலைப் போட்ட நூடுல்ஸுக்கு இருபத்திரண்டு வெள்ளி கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வரும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் ஐம்பது காசுக்கு நியாயம் பேசும். "ஒட்டுக்கா! கிழிச்சே, நானே வந்து பெயிண்ட்ல எழுதிடுவேன்," என்று கத்தினேன். ஒட்டினார்.

ஆனால் அக்கா தன் புத்தியைக் காட்டிவிட்டார். ஆர்டர் சீட்டைத் தட்டோடு சேர்த்துப் பிடிக்க மஞ்சள் நிறத் துணிக் கிளிப் போடுவது வழக்கம். பழைய முகங்களுக்கு மட்டும் பச்சைக் கிளிப் மாட்டினார். காசு வாங்கும் அவர் நாத்தனார் பச்சையைப் பார்த்தால் நாலு வெள்ளிதான் எடுப்பார். ஒரு பேச்சும் இல்லாமல் காரியம் நடந்தது.

ஒரு வாரம் கழித்து கிம் தெக் அங்கிள் டீ வாங்க வந்தார். "ஏம்மா வடிவு, போர்டுல ஆறுன்னு இருக்கு. நான் ஆறு குடுத்தா ரெண்டு திரும்பி வருதே, ஏன்?"

என் வாய் சும்மா இருக்குமா? "உங்களுக்குப் பச்சைக் கிளிப் அங்கிள்! பழைய ஆளுக்குப் பழைய விலை!" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார். பாதி மீ போக் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஏழரைக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. தினமும் காலையில் அவருடைய இடத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவார். எங்கள் அங்காடியில் டிஷ்யூ வைத்தால் இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தம்; அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள்? அத்தனை நெரிசலிலும் அந்த ஓர் இடம் காலியாகவே கிடந்தது. ஒவ்வொரு டாக்சிக்கும் அக்கா கழுத்தை நீட்டுவார். நூடுல்ஸை வடிப்பார், ருசி பார்ப்பார், என்னிடம் ஓடி வருவார். "வினிகர் சரியா இருக்கா வடிவு?" நான் பன்றி சாப்பிட மாட்டேன் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பத்தாம் நாள், கேமராவும் கையுமாக நின்ற கூட்டத்துக்கு நடுவில் கிம் தெக் அங்கிள். முக்கால் மணி நேரம் நின்றார். அக்கா பார்த்துவிட்டார். கை தானாகப் பச்சைக் கிளிப்பை எடுத்தது, அந்தரத்திலேயே நின்றது. பிறகு மஞ்சளை மாட்டினார். நாத்தனார் ஆறு வெள்ளி எடுத்துக்கொண்டார்.

அங்கிள் டிஷ்யூவை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, கடைசி இழை வரை தின்றார். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையை இடித்துத் தள்ளி முன்னால் வந்தார்.

"இதுக்கு ஆறு வெள்ளியா? வினிகர் எங்கே?"

அங்காடியே திரும்பிப் பார்த்தது. அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "ஒன்பது நாளா எங்கே போனீங்க? நாலு வெள்ளிக்குத் தின்னுட்டு இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"இனாமா இரக்கப்பட்டுப் போட்ட சோத்துல குறை சொல்ல நாக்கு வருமா எனக்கு? முழு விலை வாங்கு. அப்பத்தான் நான் திட்ட முடியும்."

அக்கா பச்சைக் கிளிப்புகளை அள்ளிக் குப்பையில் போட்டார். ஆள் நிற்கவே இடமில்லாத அந்தக் கூட்டத்தின் முன்னால், எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.