செக்போஸ்டில் வாய் திறக்காத மனுஷன்

தேயிலை விலை விழுந்த வருஷங்களில் எங்கள் ஊட்டுக்காரர் பேச்சையே விட்டுவிட்டார். அம்மனை நம்புகிறவர்கள் முன்னால் அதை மறைக்க வேண்டியதில்லை. குன்னூரில் ஒரு டீ பேக்டரியில் அவர் ஃபிட்டர். மெஷின் சத்தத்தில் கத்திக் கத்திப் பழகி, ஊட்டுக்குள்ளேயும் கத்தித்தான் பேசுவார். எங்கள் சண்டை லைன் வீடுகள் முழுக்கக் கேட்கும். காலையில் இலை வாடும் மணமும் இவர் குரலும் சேர்ந்து வந்த அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.

பேக்டரியை மூடினார்கள். மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கேட்டால் 'ம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை. நான் அழுதேன், திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மாசி மாதம் ஒருநாள் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்து நின்றார். பந்தலூரையும் தாண்டி, கேரள எல்லையில் அவர் பிறந்த ஊர். அங்கே இருக்கும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு, பேக்டரி திறக்க வேண்டிக்கொண்டு, மௌன விரதமாகப் போகிறாராம். உச்சிப் பூஜை தீபாராதனை முடிகிறவரை பேச்சில்லை என்று கயிறு கட்டிவிட்ட பூசாரிதான் எனக்குச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. "ஏனுங்க, இப்ப மட்டும் என்ன பேசிக் கிழிக்கறீங்க, அதுக்கு ஒரு விரதமா?" என்று இவரைக் கேட்டேன். அப்போது எல்லைக் காட்டில் நக்சல் என்று சொல்லும் துப்பாக்கி ஆட்கள் நடமாடுவதாகப் பேச்சு இருந்தது. போகவேண்டாம் என்று பக்கத்து ஊட்டில் சொன்னார்கள். தனியாக விட மனசில்லாமல் நானும் கிளம்பினேன்.

ஊருக்கு முன்னால் செக்போஸ்டில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். துப்பாக்கியோடு நின்ற போலீஸ்காரர் இவர் பேரைக் கேட்டார். இவர் கும்பிட்டார். ஊரைக் கேட்டார். மறுபடியும் கும்பிட்டார். நான் முந்திக்கொண்டு பேரையும் விரதத்தையும் சொன்னதற்கு, "அவர் சொல்லட்டும்மா" என்றார். பேப்பரும் பேனாவும் நீட்டினார்கள். எழுதுவதும் பேச்சுதானாம், தலையாட்டி மறுத்துவிட்டார். இப்படி ஒரு பிடிவாதம் எங்கேயாவது உண்டா! ஊர் பேர் சொல்ல மறுக்கிறவனை எப்படி விடுவது என்று அறைக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். பஸ் போய்விட்டது.

எங்கே கொண்டுபோவார்களோ, என்ன செய்வார்களோ. ரோட்டோரம் உட்கார்ந்து வாய்விட்டே கேட்டேன். "ஆத்தா, பேக்டரி தெறக்காட்டிப் போகுது. இந்த மனுசன் பழையபடி எங்கிட்டப் பேசுனாப் போதும்."

கொஞ்ச நேரத்தில் ஜீப்பில் ஒரு வயதான அதிகாரி வந்தார். நான் சொன்னதை நிதானமாகக் கேட்டார். பூஜை எப்போது என்றார். மணியைப் பார்த்தார். "ஏறுங்கம்மா, சாமி முன்னாடியே கேட்டுக்கலாம்" என்றார். இவருக்கு இரண்டு பக்கமும் துப்பாக்கி, எதிரில் நான். அப்படித்தான் கோயிலுக்குப் போனோம். திருவிழாவுக்கு வந்த சனம் வழிவிட்டு வேடிக்கை பார்த்தது. வெட்கமாக இருந்தது.

தீபாராதனை முடிந்து மணி ஓய்ந்தது. அதிகாரி இவர் பக்கம் திரும்பி, "இப்ப சொல்லு, உன் பேரென்ன?" என்றார்.

இவர் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, ரொம்பப் பயந்துட்டயா?"

எத்தனை மாதம் கழித்துக் கேட்கிறேன் அந்தக் குரலை! நான் அங்கேயே தேம்பி அழுதேன். பிறகு போலீசுக்குத் தன் பேர், அப்பன் பேர், பிறந்த லைன் வீடு, படித்த பள்ளிக்கூடம் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். அதிகாரி சிரித்துக்கொண்டே போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில், சுவரைப் பார்த்து உட்கார்ந்த நாட்களில் என்னென்ன நினைத்தார் என்று குன்னூர் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த பேக்டரி திறக்கவே இல்லை. தோட்டங்களுக்கு மருந்தடிக்கும் மெஷின்களை ரிப்பேர் பார்த்துப் பிழைத்தோம். கஷ்டம்தான். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கஷ்டத்தையும் அவர் தனியாக வைத்துக்கொண்டதில்லை, நானும் வைத்துக்கொண்டதில்லை. உங்கள் ஊட்டிலும் யாராவது இப்படி உட்கார்ந்திருந்தால் மனதைத் தளரவிடாதீர்கள். ஆத்தாவிடம் சுற்றி வளைக்காமல் அந்த ஆளையே திருப்பித் தரச்சொல்லிக் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவள் உங்களுக்கும் கொடுப்பாள்.