முட்டைக்கு முடி வெட்ட வருவதாகச் சொன்ன மச்சான்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், ஓர் ஆணி இருக்கிறது. அதில் எதுவும் மாட்டுவதில்லை. வெள்ளையடிக்க வருகிற ஆள் ஒவ்வொரு தடவையும், "இதைப் புடுங்கிட்டு அடிச்சிடவா?" என்று கேட்பார். என் மனைவி அடுப்படியிலிருந்தே, "அது இருக்கட்டும்ணே, சுத்தி அடிச்சுட்டுப் போங்க" என்பாள். பிரஷ் அந்த இடத்தில் மட்டும் ஒதுங்கிப் போகும். சுவர் இப்போது மூன்றாவது நிறத்துக்கு வந்துவிட்டது. ஆணியைச் சுற்றி மட்டும் பழைய நீலம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அப்படியே நிற்கிறது.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். ரொட்டிக்கடையில் மாவு பிசைந்து பிள்ளைகளை வளர்த்தவன். ஈஸ்டருக்கு வீட்டில் இருக்கிற சாமான்களை வைத்து அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து என்ன செய்து விளையாடலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முட்டை ஓடு, கொஞ்சம் பஞ்சு, ஒரு கை வெந்தயம், தென்னங்குருத்து இரண்டு. அவ்வளவுதான் வேண்டும். ஆனால் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த மனிதரை விட்டுவிட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். என் பிள்ளைகளுக்குத் தாய்மாமன்.

என் மனைவி மாதா கோயிலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். நான் வில்லியனூர்ப் பக்கத்துக் குடியானவன் வீட்டுப் பிள்ளை, முருகன் கோயிலுக்குப் போகிறவன். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காமல் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். எங்கள் வீட்டில் ஒரு வருஷத்தில் கோபம் தணிந்துவிட்டது. அவள் வீட்டில் தணியவில்லை. அவளுக்கு அப்பா கிடையாது. டெய்லர் கடை வைத்திருந்த அண்ணன்தான் அவளைப் படிக்க வைத்து, தன் மெஷினிலேயே தையலும் பழக்கியவர். கல்யாணமாகி எட்டு மாசத்தில் அவளுடைய அம்மா தவறிப்போனார்கள். மச்சான் சொல்லி அனுப்பவில்லை. அடக்கம் முடிந்து மூன்று நாள் கழித்து, பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கப் போன இடத்தில் யாரோ துக்கம் விசாரித்தபோதுதான் என் மனைவிக்கே விஷயம் தெரிந்தது. பூவை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். அன்றையிலிருந்து கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். "அங்க அவன் முன்னாடி பெஞ்சுல உக்காந்திருப்பான். அம்மா மூஞ்சியைக் காட்டாதவன் முதுகைப் பாத்துக்கிட்டு நான் எப்படிங்க மண்டி போடுறது?" என்றாள். அடுத்த வருஷம் பெண் பிறந்தது. அதற்குத் தன் அம்மாவின் பெயரையே வைத்தாள்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, சரியாக நினைவில்லை. பெரியவள் எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். சின்னவனுக்கு மூன்று வயசு. ஈஸ்டருக்குக் காலி முட்டை ஓடு இரண்டு கொண்டுவரும்படி மிஸ் சொன்னதாகப் பெரியவள் வந்து சொன்னாள். ஓடு உடையாமல் இருக்க வேண்டுமாம். இது என்ன பெரிய காரியம் என்று, கடையில் கேக்குக்கு முட்டை உடைக்கும்போது ஓர் ஆணியை எடுத்து, முட்டையின் அகலமான பக்கத்தில் மெல்லத் தட்டி, நாலணா அளவுக்கு ஓட்டை போட்டு, குலுக்கிக் குலுக்கி உள்ளே இருப்பதை எடுத்தேன். எங்கள் மேஸ்திரி இரண்டு கையிலும் இரண்டு முட்டையாகத் தகர விளிம்பில் தட்டித் தள்ளுகிறவர். என்னைப் பார்த்துவிட்டு, "என்னய்யா பண்ற? முட்டைக்குக் காது குத்துறியா? மடியில உக்கார வைக்கத் தாய்மாமனைக் கூட்டிக்கிட்டு வரவேண்டியதுதானே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து ஓடுகளைக் கழுவி, ஆணியையும் சேர்த்துக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அது ஈஸ்டருக்கு முந்தின வாரம் வருகிற குருத்தோலை ஞாயிறு. மத்தியானம் நான் வந்து படுக்கப் போகிற நேரத்தில் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. மச்சான் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தென்னங்குருத்துக் கட்டு, காலையில் கோயிலில் மந்திரித்தது. இன்னொரு கையில் ஒரு துணிப்பை. ஆறு வருஷத்தில் முன் தலை வழுக்கையாகியிருந்தது. 

"அவ இல்லையே?" என்றார்.

"இல்ல மச்சான். தையல் கம்பெனியில ஓவர்டைம்."

"தெரியும். விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். பாய் போட்டேன், வேண்டாம் என்றார். அப்புறம் அவராகவே சொன்னார். போன ஜூனில் பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் அளவெடுக்கப் போயிருக்கிறார். வரிசையில் நின்ற பிள்ளைக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டே பெயர் கேட்டிருக்கிறார். பிள்ளை சொன்ன பெயர் அவருடைய அம்மா பெயர். அப்பா பெயர் என்ன என்று கேட்டதற்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். "டேப்பை அப்பிடியே புடிச்சுக்கிட்டு நின்னேன் மாப்ள. அளவை நோட்டுல எழுதவே இல்ல. கண்ணளவுலதான் அந்த யூனிஃபார்மைத் தச்சேன்" என்றார். ஜூனிலிருந்து குருத்தோலை ஞாயிறு வரைக்கும் எத்தனை மாசம் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். அத்தனை மாசமும் யோசித்திருக்கிறார்.

பிள்ளைகளுக்குப் பழைய சங்கதி எதுவும் தெரியாது. முட்டை ஓட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். அவர் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, நான் போட்ட துளையைச் சுற்றி முட்டை ஓட்டை மெதுவாகக் கத்தரித்து வாயை அகலமாக்கினார். ஸ்கெட்ச் பேனாவால் கண்ணும் மூக்கும் பெரியவள் வரைந்தாள். உள்ளே நனைத்த பஞ்சை வைத்து, அதன்மேல் ஊறவைத்த வெந்தயத்தைத் தூவ வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் ஓடு கேட்டது அவருக்கும் தெரிந்திருக்கிறது; வெந்தயம் ஊற நேரமாகும் என்று அவரே வீட்டிலிருந்து ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தார். தண்ணீரை விரல் நுனியால் தெளித்தால் போதும். சின்னவன் டம்ளரோடு கவிழ்த்துவிட்டான். "டேய் டேய், முட்டைக்குச் சளி புடிச்சுக்கப் போவுதுடா!" என்று சொல்லி அதைச் சாய்த்து வடித்தார். யூனிஃபார்ம் வெட்டிய நீலத்துணித் துண்டுகளை மைதாப் பசையால் ஒட்டி இரண்டு முட்டைக்குச் சட்டை போட்டார். "மாமா, இது பொண்ணா பையனா?" என்று பெரியவள் கேட்டாள். "மொதல்ல முடி வளரட்டும். இன்னைக்குப் போட்டா ஈஸ்டருக்குக் கொத்தா வளந்துடும். வர்ற ஞாயித்துக்கிழமை மாமா முடி வெட்ட வர்றேன். அப்ப சொல்றேன்" என்றார்.

கடைசியாகக் குருத்தோலையில் ஒரு கூடை பின்னினார். ஈர்க்கை உருவிப் போட்டுவிட்டு, நான்கு ஓலையைக் குறுக்கும் நெடுக்கும் கோத்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று மடக்கிக்கொண்டே போனால் சின்னக் கூடை வந்துவிடுகிறது. ஓலை பச்சையாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும், காய்ந்தால் ஒடியும். பிள்ளைகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். நாலு மணிக்கு எழுந்தார். டீயைக்கூடக் குடிக்கவில்லை.

என் மனைவி வந்ததும் பிள்ளைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். யார் பின்னியது என்று அவள் கேட்கவில்லை. கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஓரம் மடிச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னாள். மற்றவர்கள் ஓலை முனையை அப்படியே நீட்டிவிடுவார்கள். அவர் பாவாடை விளிம்பு மடிப்பது மாதிரி உள்ளே செருகியிருந்தார். ரொட்டிக்கடையிலிருந்து வந்த ஆணியைச் சுவரில் அடித்துக் கூடையை மாட்டினேன். முட்டைகளை ஜன்னலில் வைத்தோம். அந்த வாரம் முழுக்க, காலையில் எழுந்ததும் அவள் முதலில் போவது ஜன்னலுக்குத்தான். விரலை நனைத்து உதறுவாள். வியாழக்கிழமை பச்சை தலை காட்டியது. சனிக்கிழமை முட்டைகளுக்கு நிஜமாகவே முடி முளைத்து நின்றது.

ஈஸ்டர் அன்றைக்கு எனக்கு மத்தியானம் வரை வேலை. அவள் ஓவர்டைமை விட்டுவிட்டு ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்து, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு காத்திருந்தாள். நான் கேக்கோடு வந்தபோது குழம்புச் சட்டி மூடியே இருந்தது. சின்னவன்தான் சொன்னான், "மாமா வந்துட்டு சைக்கிள்ல போயிட்டாரு." பதினோரு மணிக்குத் தெருமுனையில், அடிபம்புக்குப் பக்கத்தில், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறார். இவள் வாசலில் நின்றிருக்கிறாள். ரொம்ப நேரம். பிறகு அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். 

"ஏன் கூப்பிடல?" என்றேன்.

"அவன் இறங்கி வருவான்னு நான் நின்னேன். நான் கூப்பிடுவேன்னு அவன் நின்னான்" என்றாள்.

முட்டைகளின் முடியை அவள் யாரையும் வெட்டவிடவில்லை. அது வளர்ந்து, சாய்ந்து, மஞ்சளாகி விழுந்தது. 

ஆகஸ்டு மாசம் மச்சான் கடையில் தைத்துக்கொண்டிருந்தபோதே மெஷின் மேல் சாய்ந்துவிட்டார். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. இந்தத் தடவை சொல்லி அனுப்பினார்கள். அவர் கால்மாட்டில் என் மனைவி நின்ற நிலையை நான் எழுதப் போவதில்லை. வீட்டுக்கு வந்து கூடையைக் கழற்றி, தூசி தட்டி, திரும்ப மாட்டினாள். ஓலை அப்போது பழுப்பேறி, தொட்டால் உதிர்கிற பதத்துக்கு வந்திருந்தது.

இனிமேல் சொல்லப் போவது நான் செய்த காரியம். அடுத்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயில் மைக்கில் அறிவித்தார்கள். வீடுகளில் இருக்கிற போன வருஷத்துக் குருத்தோலைகளைச் செவ்வாய்க்கிழமைக்குள் கொண்டுவந்து ஒப்படைக்கவும், அதை எரித்துத்தான் விபூதிப் புதன் அன்று நெற்றியில் பூசச் சாம்பல் எடுப்பார்கள் என்று. எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. மந்திரித்த ஓலையை வருஷம் தாண்டி வீட்டில் வைத்திருந்தால் குற்றமோ என்று எனக்குப் பட்டது. எனக்கு அவர்கள் வழக்கம் தெரியாது. என்னால்தான் அவள் கோயிலை விட்டாள், அண்ணனை இழந்தாள் என்ற நினைப்பு வேறு எப்போதும் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது. அவளுடைய முறைமையில் ஒன்றையாவது நான் சரியாகச் செய்வோமே என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவள் கம்பெனியில் இருக்கும்போது, கூடையைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துப்போய், கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையிடம் இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்க்காமல் சாக்கில் போட்டார்.

ஆறரைக்கு அவள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சுவரைப் பார்த்தாள். "கோயில்ல கேட்டாங்க, குடுத்துட்டேன்" என்று நான் நல்லபேர் வாங்குகிற பிள்ளை மாதிரி சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கோயிலுக்கு ஓடினேன். கோயிலுக்குப் பின்னால் பெரிய இரும்புச் சட்டியைக் கோயில்பிள்ளை கழுவிக்கொண்டிருந்தார். "நாலு மணிக்கே எரிச்சு, சலிச்சு, டப்பாவுல போட்டாச்சேய்யா. கூடையா? கட்டாயம் குடுக்கணும்னு யார் சொன்னது? பிரியப்பட்டா வீட்டுலயே வச்சுக்கலாமே!" என்றார். டப்பாவைத் திறந்து காட்டினார். மாவு மாதிரி இருந்தது. நான் மாவோடு பிழைக்கிறவன். ஒன்றாகக் கலந்ததைப் பிரிக்க முடியாது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வந்து சொன்னேன். மறுநாள் விடியும்போதே குளித்துவிட்டு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பினாள். "எங்க?" என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கோயில் வாசலில் நின்றேன். அவள் உள்ளே போய், முன் பெஞ்சுக்குப் பக்கத்தில், அவர் உட்காருகிற இடத்தில் மண்டி போட்டாள். வரிசையில் போய் நெற்றியைக் காட்டினாள். ஏழு வருஷத்துக்கு அப்புறம்.

வெளியே வந்தபோது நெற்றியில் சாம்பல் சிலுவை. பெரியவள் தொட்டுப் பார்க்கக் கையைத் தூக்கினாள். "அம்மா, என்னாது இது?"

"மாமா பின்னுன கூடைடி" என்றாள்.

அன்றைக்கு அந்த வாசலில் வந்து போன அத்தனை பேர் நெற்றியையும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கிழவர்கள், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள். எல்லார் நெற்றியிலும் மச்சான் கொஞ்சம் கொஞ்சம் இருந்தார். அவள் அன்று முழுவதும் முகம் கழுவவில்லை.

பிள்ளைகளே, முட்டைக்கு முடி வளர்ப்பது எப்படி என்று சொல்லிவிட்டேன். கூடைக்கும் சொல்லிவிட்டேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. தெருமுனை வரைக்கும் யாராவது வந்து நின்றால், யார் முதலில் என்று பார்க்காமல் கூப்பிட்டுவிடுங்கள்.

பெரியவளுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. போன குருத்தோலை ஞாயிறு அன்று மூன்று தலைமுறையும் கூடத்தில் உட்கார்ந்து ஓலை பின்னினார்கள். ஓரத்தை உள்ளே மடித்துச் செருகச் சொன்னது என் மனைவிதான். பின்னி முடித்ததும் பேத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே அந்த ஆணிக்குப் போய், எட்டாமல், என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. நான் வாங்கி மாட்டப் போனேன்.

"அதுல வேணாங்க" என்றாள் என் மனைவி. "பக்கத்துல வேற ஒண்ணு அடிங்க."

சுத்தியலை எடுத்துவந்து, பழைய ஆணியிலிருந்து ஒரு சாண் தள்ளி, புதுசாக ஓர் ஆணி அடித்தேன்.