வாய்க்குப் பிளாஸ்திரி

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவளுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்திருந்தோம். சிரித்தால் மூன்றாவது மாடி வரை கேட்கும். நான் அப்போது ரத்தப் புற்றுநோய் வார்டில் நர்ஸ்.

டிஎன்ஏ என்றால் என்னவென்று தெரியாமல் கேட்டுவிட்டேன். டீ நேரத்தில் எங்களை நடைபாதையில் எதிரெதிராக இரண்டு வரிசையாக நிறுத்திவிட்டாள். டிஎன்ஏவில் இருக்கும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் ஆளுக்கு ஒன்று.

"ஏ, டியோட மட்டும்தான் கை கோக்கும். ஜி, சியோட மட்டும். சூடு காட்டினா ரெண்டு வரிசையும் பிரிஞ்சிடும். ஆறினதும் அவங்கவங்க புது ஜோடியை இழுத்து நிறுத்திக்கணும். ஒண்ணு ரெண்டாயிடும், ரெண்டு நாலாயிடும்!"

சமையல்கார அண்ணன் தப்பான கையைப் பிடித்தார்.

"அண்ணே, டி அந்தப் பக்கம்! உங்களை நம்பினா உலகத்துல ஒரு புள்ளைக்கும் மூக்கு இருக்காது!"

என் வார்டில் ஒரு தையல்காரி இருந்தாள். எலும்பு மஜ்ஜை மாற்றினால்தான் பிழைப்பாள். கொடுக்க இருந்தது ஒரே தம்பி, பஸ் டிரைவர். அவன் டிஎன்ஏ அக்காவுடையதோடு பொருந்த வேண்டும்.

பரிசோதனையில் ரத்தம் சேர்க்காமல் வெறும் தண்ணீர் விட்ட சோதனைக் குழாய் ஒன்றும் வைப்பார்கள். அதில் டிஎன்ஏ எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தது.

"தண்ணியில யாரும்மா குடும்பம் நடத்துறது?" என்றார் டாக்டர்.

பட்டாசுதான். மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சிரித்திருக்கிறாள். தெறித்த எச்சில் துளியில் இருந்த அவள் டிஎன்ஏவை மெஷின் கோடிக்கணக்கில் பெருக்கிவிட்டது. முடிவு செல்லாது.

"அந்த அக்கா முகத்துல எப்படி சிஸ்டர் முழிப்பேன்?"

"அப்புறம் முழிக்கலாம். இப்போ வாயை மூடு."

உதட்டில் பிளாஸ்திரி ஒட்டி, மேலே மாஸ்க் மாட்டி, லேபுக்குள் தள்ளினேன். எங்களைப் பார்த்தால் சிரித்துவிடுவாள் என்று கண்ணாடிப் பக்கமே யாரும் போகவில்லை.

இந்த முறை தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. தம்பி அத்தனை இடத்திலும் பொருந்தினான்.

பிளாஸ்திரியைப் பிய்த்துக்கொண்டு வார்டுக்கு ஓடி வந்தாள். பேச்சு வரவில்லை. சிரிப்பு, விக்கல், கண்ணெல்லாம் தண்ணீர். டிரைவர் வெளிறிப்போனான்.

"ஏங்க அழுறீங்க? பொருந்தலையா?"

அவள் கையைக் கையை ஆட்டினாள். அவன் இன்னும் வெளிறினான்.

"பொருந்திடுச்சுப்பா," என்றேன் நான். "விழறதுக்கு முன்னாடி உட்காரு."

தையல்காரி படுக்கையிலிருந்து எழுந்தே விட்டாள். "போச்சு! இனிமே ஒவ்வொரு சண்டைக்கும் இதைச் சொல்லிக் காட்டுவானே!"

"பின்னே? சும்மாவா குடுக்கிறேன்?" என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.