தட்டு வெட்டின மோட்டார்

தாலிக்கொடியை ரவிக்கைக்குள் விட்டு ஊக்குக் குத்தி, கண்ணாடி வளையல்களைக் கழற்றி ஆணியில் மாட்டி, சேலைக்கு மேலே புருஷனின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிவிட்டால் தெய்வாத்தாள் வேலைக்குத் தயார். தொங்குகிற எதையும் லேத்து இழுத்துக்கொள்ளும். சுவிட்சைத் தொடுமுன் மேலே எரியும் பல்பை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பாள். வெளிச்சம் சரியாக இருந்தால் போடுவாள். அழுது வடிந்தால், கரண்டு குறைவு, மோட்டார் தாங்காது என்று ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். "அது கெடக்குது உடுங்க. வாரப்ப வரட்டும்" என்பாள். கரண்டுக்கு மட்டுமல்ல, தண்ணீர் வராததற்கும், மகள் கடுதாசி போடாததற்கும், இடுப்புவலிக்கும் அவளிடம் இருந்தது இந்த ஒரே பதில்தான்.

கணபதி பகுதியில் அவர்களுடைய ஓட்டு வீட்டின் பின்சுவரை ஒட்டிச் சாய்ப்பாக இறக்கிய சிமெண்டு சீட்டுக் கொட்டகை. அதில்தான் அந்தக் கடைசல் லேத்து. பம்புசெட்டுக் கம்பெனி ஒன்றுக்குப் பித்தளை புஷ் வளையம் கடைந்து கொடுப்பது தொழில். லேத்தை வாங்கியவர் அவள் புருஷன் சென்னியப்பன். பவுண்டரியில் டர்னராக இருந்த மனிதர். சர்க்கரை நோய் அவர் கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனது. பார்வை மங்க மங்க அவர் சொல்லச் சொல்ல இவள் கை பழகியது. இப்போது அவர் கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காதாலேயே வேலை பார்க்கிறார். "தெய்வா, டூலு மழுங்கிப் போச்சு." அவள் அதற்கு முன்பே அதைக் கழற்றியிருப்பாள். "ஆமாங்க" என்று மட்டும் சொல்வாள்.

தொண்ணூற்றாறாம் வருஷக் கோடையில் ஒரு மத்தியானம். கடைந்த புஷ் லோடை அன்றைக்கே எடுத்துப்போகக் கம்பெனி ஆள் வருவதாக இருந்தது. பல்பைப் பார்த்தாள். மின்மினி போல எரிந்தது. பார்த்தும் சுவிட்சைப் போட்டாள். மோட்டார் முனகியது. இன்னும் நாலு புஷ்தானே என்று நினைத்தாள். கருகல் நாற்றம் வந்ததும் கட்டிலிலிருந்து சென்னியப்பன் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினார். அதற்குள் புகை கொட்டகையை நிறைத்துவிட்டது.

மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுகிறவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உள்ளே கம்பி கருகியதோடு, வெளிக்கூடும் விரிசல் விட்டிருந்தது. "இதுக்குச் செலவு பண்ணாதீங்க. புதுசா ஒண்ணு பாத்துக்குங்க." புதிதின் விலையைக் கேட்டுவிட்டு அவள் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள். ரெண்டே நாளில் கம்பெனி அவளுடைய லோடைப் பக்கத்துத் தெரு வரதராஜுலுவின் லேத்துக்கு மாற்றிவிட்டது. "எடைக்குப் போட்டரலாமா தெய்வா?" என்று சென்னியப்பன் கேட்டார். லேத்தைத்தான் சொன்னார். அவள் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள்.

உக்கடத்துப் பழைய சாமான் கடைகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். மில்லிலிருந்து கழித்த மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாமே மூணு பேஸ். அவள் வீட்டுக்கு வருவதோ சிங்கிள் பேஸ் கரண்டு. மூணு பேஸ் இணைப்புக்கு எழுதிப்போட்டால் எப்போது வருமோ. கடைசியாக ஏறியது ஷேக் பரீத்தின் கடை. அவர் ஒரு மோட்டாரை மேசைமேல் தூக்கி வைத்தார். பச்சைப் பெயிண்டு புதிதாக அடித்திருந்தது. விலையும் அவளுக்குக் கட்டுகிற விலைதான். அவள் பையைத் திறந்தபோது அவரே அதை மறுபடி கீழே இறக்கினார்.

"வேண்டாங்க அக்கா. உள்ள நல்லாயில்ல. இத உங்களுக்கு வித்தா மறுபடி நீங்க இங்க வந்து நின்னு என்னையப் பாப்பீங்க. அது என்னால ஆகாதுங்க."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகச் சொன்னார். "தொண்டாமுத்தூர்ல இருந்து ஒரு கவுண்டர் வந்திருந்தாருங்க. மாட்டுக்குத் தட்டு வெட்டற மிசினு மோட்டாராம். தவுட்டு மூட்டைக்கு ஆனை வந்து மாட்டுச் சாளையச் சாச்சுப்போட்டுதாம். மாட்டையும் வித்துட்டாராம். சிங்கிள் பேஸ்தான். நான் சொன்ன வெல அவருக்குப் படியல. நீங்க நேரா போயிக் கேட்டுப் பாருங்க. பேரு கந்தப்பன்."

தெய்வாத்தாள் கண்களை மூடிக்கொண்டாள்.

கந்தப்பன் வேறு யாருமில்லை. சென்னியப்பனின் தங்கை மாசாணியம்மாளின் வீட்டுக்காரர். ஒரு காதுகுத்து விருந்தில் மாசாணி பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "எங்கண்ணனுக்குக் கண்ணு போனதும் இவ சட்டைய மாட்டிக்கிட்டா. பொம்பள லேத்து ஓட்டற ஊடு எங்க உருப்படும்?" தெய்வாத்தாள் பாதி இலையில் எழுந்து கை கழுவினாள். அதற்குப்பின் இரு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

மறுநாள் சாக்கு ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு தொண்டாமுத்தூர் பஸ் ஏறினாள். வழி நெடுக என்ன பேசுவது என்று யோசித்து, யோசனையே அலுத்துப்போய்த் தூங்கிவிட்டாள்.

கந்தப்பன் தோட்டத்துக்குப் போயிருந்தார். வாசலில் மாசாணிதான் நின்றாள். முடி பாதி நரைத்திருந்தது. "வாங்க நங்கையா" என்றாள். அண்ணன் மனைவியை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. வந்த காரியத்தைத் தெய்வாத்தாள் நேராகச் சொன்னாள். மாசாணி சாய்ந்து கிடந்த சாளையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணன் என்னையக் கேட்டாருங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யைச் சொல்லவும் தெம்பு வேண்டியிருந்தது. "இல்ல கண்ணு. உம்பேர எடுத்தா எந்திரிச்சு, செவுத்தத் தடவீட்டு வெளிய போயிர்றாரு."

மாசாணி உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் மோர் இருந்தது. தெய்வாத்தாள் குடித்து முடித்ததும், மாசாணி தானே ஓடுகளைத் தள்ளி மோட்டாரை வெளியே உருட்டினாள். பழைய இரும்பு விலைக்கே கொடுத்தாள். சாக்கில் கட்டி ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை இருவரும் நடந்தார்கள். வரப்பில் இறக்கி வைத்துக் கைமாற்றும்போது மாசாணி ஆரம்பித்தாள். "அன்னைக்கு நானு பந்தியில..."

"அது கெடக்குது உடு. அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் புடி."

வீட்டில் சென்னியப்பன் மோட்டாரை மடிக்கருகே இழுத்து விரலால் தடவினார். விசிறி மூடியின் துளைகளில் சோளத்தட்டின் சக்கை அடைத்திருந்தது. ஒன்றை உருவி முகர்ந்தார். "யாரூட்டு மோட்டாரு இது?"

"உங்க தங்கச்சி ஊட்டுது."

அவர் எழுந்து போவார் என்று காத்திருந்தாள். அவர் போகவில்லை. தலையைக் குனிந்தபடி அடுத்த சக்கையை உருவினார், அதற்கடுத்ததையும்.

பழைய மோட்டாரின் பெல்ட் ஓடும் புல்லியை இதில் மாட்டப் பார்த்தால் துளை சிறிதாக இருந்தது. துளையைப் பெரிதாக்க ஒரு லேத்து வேண்டும். தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. புல்லியை எடுத்துக்கொண்டு வரதராஜுலுவிடம் போனாள். அவர் கடைந்து கொடுத்தார். கொடுக்கும்போதே முணுமுணுத்தார். "உங்க புஷ் வேலை எனக்குக் கட்டுபடியாகலைங்க அம்மணி. நின்னு நின்னு காலு போகுது. இத வெச்சுட்டு எப்படித்தான் ஓட்டறீங்களோ."

மோட்டார் முதலில் எதிர்ப்பக்கம் சுற்றியது. ஒயரை மாற்றிக் கட்டினாள். பெல்ட்டின் இறுக்கத்தைச் சென்னியப்பன் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "இன்னுங் கொஞ்சம்" என்றார். இறுக்கினாள். பழையதைவிடச் சத்தம் அதிகம், அதிர்வும் அதிகம். ஆனாலும் ஓடியது. மீதமிருந்த நாலு புஷ்ஷைக் கடையத் தொடங்கினாள்.

சாயங்காலம் கொட்டகை வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. வரதராஜுலு. பின்னால் கட்டியிருந்த சாக்கு மூட்டையைத் தரையில் இறக்கினார். உள்ளே கடையாத புஷ்கள் கலகலத்தன. "கம்பெனியில சொல்லிப்போட்டேனுங்க. உங்க வேலைய நீங்களே பாத்துக்குங்க. நாளைக்கே வேணுமாம். முடியலீனா சொல்லிருங்க, நாங் கொண்டுபோயிப் போட்டர்றேன்."

தெய்வாத்தாள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பித்தளைச் சுருள் அறாமல் வந்துகொண்டிருந்தது. ரெண்டு கையும் சக்கரத்தில் இருக்க, இடது காலை மட்டும் பின்னால் நீட்டி, மூட்டையின் காதைக் கால்விரலால் பற்றி, மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.