பூக்காத பெங்களூர் ரோஜா

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கிடைத்த வீட்டின் முன்னால் கொஞ்சம் மண் இருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன பன்னீர் ரோஜாச் செடி ஒன்று அதில் நின்றது. வெளிறிய சின்னப் பூ. பறித்த அரை நாளில் இதழ் கொட்டிவிடும். ஆனால் கதவைத் திறந்தால் மணம் உள்ளே வரும். எனக்கு அது போதும்.

என் கணவருக்குப் போதவில்லை. எண்பதுகளின் கடைசியில் வேலை விஷயமாகப் பெங்களூர் போனவர், ரயிலில் மடியிலேயே வைத்து ஓர் ஒட்டு ரோஜா கொண்டுவந்தார். பன்னீர் ரோஜாவை ஒட்டியே நட்டார். கை அகலத்துக்கு இரண்டு சிவப்புப் பூ பூத்தது. வாசனை துளியும் இல்லை. அடுத்த கோடையில் அந்தக் கிளை கருகியது. அடியிலிருந்து பச்சைப்பசேலென்று புதிதாகக் கிளம்பியது.

"பாத்தியா, என்ன வேகம்!" என்றார்.

வேகம்தான். பூ மட்டும் இல்லை. இரண்டு வருடத்தில் வேலியேறி, பக்கத்து வீட்டுத் துணிக்கொடி வரை போய், அந்த அம்மாளின் புடவையைக் கிழித்தது. பன்னீர் ரோஜா அதன் நிழலில் வெறும் குச்சியாகிவிட்டது. குழாயில் தண்ணீர் வருவதே ஒரு மணி நேரம். அதில் முதல் குடம் அந்த முள்ளுக்கு. வெட்டிவிடலாம் என்று நான் வாயெடுத்தாலே, "பூக்கப்போகுது, பொறு" என்பார்.

பாரிவாக்கத்தில் சொந்தத் தோட்டம் வைத்திருந்த பூக்காரம்மா ஒரு நாள் கூடையை இறக்கிவிட்டு, அந்த இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, இதுக்கா தண்ணி ஊத்திகினு கீறே? ஒட்டுன ரோஜா எப்பவோ செத்துப்பூட்சு. இது அடியில இருந்த காட்டுச்செடி. ஊட்டையே மூடினாலும் பூக்காது."

ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் சொன்னேன். "நம்ம வீட்லயே பூத்துட்டா அவங்ககிட்ட யாரு வாங்குறது? அப்படித்தான் சொல்வாங்க" என்றார், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

அதோடு விட்டாரா? கூட வேலை செய்பவர்களுக்கெல்லாம் 'பெங்களூர் ரோஜா' என்று குச்சி வெட்டிக் கொடுத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வரிசைப் பெண்கள் மூன்று பேர் வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்கே தெரியும். ஒருத்தியின் முன்கையில் நீளமாகக் கீறல்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் குடுத்த செடி என்னைக்குத்தான் பூக்கும்?"

எனக்குக் காது சுட்டது. உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் வெளியே தலைகாட்டவில்லை. கடப்பாரையை எடுத்தேன். அந்த மூவரும் கையில் கோணியைச் சுற்றிக்கொண்டு இழுத்தார்கள். வேரோடு பிடுங்கி முடிக்க மதியம் ஆகிவிட்டது.

எல்லாம் முடிந்தபிறகு வந்து, "அடுத்த மாசம் பூத்திருக்கும்" என்றார்.

"போன வருசமும் இதைத்தான் சொன்னீங்க."



பன்னீர் ரோஜா தேற ஒரு மழைக்காலம் ஆனது. முள்ளோ, மண்ணில் தங்கிய வேர்த்துண்டிலிருந்தெல்லாம் மூன்று வருடம் முளைத்துக்கொண்டே இருந்தது. பிடுங்கும் வேலையை அவருக்கே கொடுத்தேன். ஒவ்வொரு முறையும், "இது அது இல்ல, வேற ஏதோ செடி" என்று சொல்லிக்கொண்டே பிடுங்குவார்.